பாக்கிக்காரர் கொடி பிடிக்கலாமா?

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறையில் ஆள் சேரும்போது மீட்டர் கூலியோடு பாக்கியும் பேசப்படுகிறது. பாக்கி என்பது முதலாளி தரும் முன்பணம். வழக்கமாக அதற்கு வட்டி கிடையாது. வாராவாரம் கூலியில் பிடிப்பதும் இல்லை. வேலையை விட்டால்தான் மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்டுவது பெரும்பாலும் அடுத்த பட்டறைக்காரர். கடன் தீர்வதில்லை, கைமாறுகிறது.

தீபாவளி நெருங்கி, சங்கம் போனஸ் கேட்டுத் தறியை நிறுத்தச் சொன்னால் முதலாளி கேட்பார்: “பணத்தையும் வாங்கிட்டு எனக்கே எதிரா நிக்கறயே?” கர்ணனைக் கூத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி உறைக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு எந்த வங்கியும் தராத பணம் அது.

ஆனால் செஞ்சோற்றுக்கடன் கணக்குப் பாராமல் கொடுத்தவருக்கு உரியது. பாக்கி, ஆள் போய்விடக் கூடாது என்று கணக்குப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. தொழிலாளியும் ஏமாளி அல்ல. குமாரபாளையத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ஹெர்ட் டி நீவ், ஆள் தட்டுப்பாட்டில் தொழிலாளிகளே பாக்கியைக் கேட்டு வாங்கியதையும் எழுதியிருக்கிறார். வாங்கிக்கொண்டு ஓடிப்போனவர்களும் உண்டு. ஓடுவது தவறென்றே வைத்துக்கொள்வோம். வேலைநிறுத்தம் செய்பவர் ஓடவில்லையே, கடனையும் மறுக்கவில்லை. வீட்டுக்கடன் கொடுத்த வங்கி, சம்பள உயர்வு கேட்காதே என்று சொல்ல முடியுமா?

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. முன்பணத்துக்கு ஈடாக வேறு வேலைக்குப் போகும் உரிமை பறிபோனால் அது கொத்தடிமை. அந்தக் கடனும் செல்லாது. சட்டத்தின் இந்த நியாயம் தறிப்பட்டறையில் எளிதில் எடுபடாது. வாங்கியதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே மானப்பிரச்சினை.

நாலைந்து தறி வைத்து ஈரோட்டு வியாபாரியின் பாவுக்கு ஜாப் வொர்க் ஓட்டுபவர் விஷயம்தான் உண்மையிலேயே சிக்கலானது. நேற்றுவரை தறி ஓட்டியவராகவும் அவர் இருக்கலாம். கூலியை நிர்ணயிக்கும் வியாபாரி பேச்சுவார்த்தை மேசைக்கு வெளியே இருக்க, போனஸ் சுமை இவர்மீது விழுகிறது. வியாபாரியையும் மேசைக்கு இழுக்க இது நல்ல காரணம். தொழிலாளியை வாய் மூடச் சொல்லக் காரணமாகாது.

சங்கமும் கூலியோடு நில்லாமல் பாக்கியைப் பேச வேண்டும்: எழுத்தில் கணக்கு, அதன் நகல் தொழிலாளி கையில், தவணையாகக் கழிக்க வழி. பாக்கியே வேண்டாம் என்று சொல்லும் சங்கத்தை விட்டு முதலில் விலகுபவர், மகளின் கல்யாணத்துக்கு அதை நம்பியிருக்கும் தொழிலாளியாகவே இருப்பார்.