காற்று வெளியேறிய தாள்

வீட்டுப் பெட்டியில் இருந்த பழைய கறுப்புப் பக்க ஆல்பத்தில், படங்களுக்கு நடுவே சிலந்திவலைக் கோலம் பதித்த மெல்லிய தாள் உண்டு. ஒரு படம் இன்னொரு படத்தில் உரசாமல் இருக்கத்தான் அதை வைத்தார்கள். ஆனால் சிறு வயதில் எனக்குப் பிடித்தது அந்தத் தாள்தான். அதைப் புரட்டுவதற்கு முன்பே அடியில் ஆட்கள் இருப்பது தெரியும். யார் என்றுதான் தெரியாது.

*

தாத்தாவின் ரயில்வே நாட்களை ஒரு நினைவேடாகக் கோர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆந்திராவின் பாகாலா சந்திப்பில் மூன்று பக்கம் தண்டவாளம் பிரியும்: காட்பாடிக்கு ஒன்று, திருப்பதிக்கு ஒன்று, பீலேரு, கதிரி வழியாகத் தர்மாவரத்துக்கு ஒன்று. படங்கள் எல்லாம் மீட்டர் கேஜ் காலத்தவை. அவற்றின் மேல் பேனா வைக்க மனம் வரவில்லை. மேலே ஒரு டிரேசிங் பேப்பரைப் போர்த்தி, அதில் ஊர்ப் பெயர்களை எழுதுகிறேன்.

*

சாதாரணத் தாள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் காற்று. இழைகளுக்கு நடுவே காற்று தங்கியிருக்கிறது. இழைக்கும் காற்றுக்கும் மாறி மாறிப் போகிற ஒளி திசைகெட்டுச் சிதறுகிறது. அந்தச் சிதறலைத்தான் வெள்ளை என்கிறோம். பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் இறங்கிய இடம் மட்டும் ஊடுருவித் தெரிவது, காற்று இருந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டதால். டிரேசிங் பேப்பருக்குக் கூழை நெடுநேரம் அரைக்கிறார்கள். இழைகள் நைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; காற்றுக்கு இடமில்லை.

இந்தத் தாளை உருண்டை முனைக் குச்சியால் பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் வெள்ளைக் கோடு எழும்புகிறது. மை கிடையாது, சாயம் கிடையாது. அழுத்திய இடத்தில் இழைகள் பிணைப்பு விட்டு, வெளியேற்றிய காற்றுக்கு மறுபடி வழி விடுகின்றன. வாழ்த்து அட்டையில் ஒரு மல்லிகைக் கொடியை முழுக்க இப்படியே வரைந்துவிடலாம். எந்த மினுக்குத் தூளைவிடவும் இது எனக்கு உசத்தி.

*

டிரேசிங் பேப்பரை ஒட்டுவதுதான் தொல்லை. பசை எங்கே வைத்தாலும் காட்டிக்கொடுக்கும். ஈரப் பசை என்றால் தாள் சுருங்கி நெளிந்துவிடும். மழை நாளில் பசையே வேண்டாம், அதுவாகவே சுருண்டுகொள்ளும். மையை உறிஞ்சுவதும் இல்லை. ஜெல் பேனாவில் எழுதிவிட்டுக் கையை நகர்த்தாமல் காத்திருக்க வேண்டும். ஒரு நல்ல குணமும் உண்டு: தவறிய எழுத்தைப் பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டி எடுத்துவிடலாம். வரைபட அலுவலகங்களில் அப்படித்தான் திருத்தினார்கள்.

*

கல்யாணப் பத்திரிகைகளில் இப்போது இந்தத் தாள் நிறைய வருகிறது. அடியில் ஸ்ரீநிவாசரும் பத்மாவதித் தாயாரும், மேலே ஊடுருவும் தாளில் மணமக்கள் பெயர். இரண்டு அடுக்கு வரை அழகு. மூன்றாவது தாளும் சேர்ந்தால் வெறும் மூட்டம். தாயார் முகமும் தெரியாது, முகூர்த்த நேரமும் தெரியாது.

என் நினைவேட்டில், பாட்டி தமிழில் எழுதிய கடிதத்தின் மேல் வைத்த தாளில், அம்மா தெலுங்கில் ஊர்ப் பெயர்களை எழுதித் தந்தாள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மூச்சில் பேசப்படுபவை என்பதால், அந்தப் பக்கம் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

*

இந்தத் தாளை வெலம் என்றும் சொல்வார்கள். ஐரோப்பாவில் வெலம் என்பது முதலில் கன்றுத் தோல். இந்தத் தாள் அதன் சாயலைப் பிடித்து வந்தது. தோலில் ஒளியைப் புகவிடும் வித்தைக்கு நாங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தர்மாவரம் தடத்திலேயே போனால், தர்மாவரத்தை ஒட்டி நிம்மலகுண்டா. ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கி, இரண்டு பக்கமும் வண்ணம் தீட்டி, நகை வரும் இடங்களில் துளை போட்டு, ராமனையும் அனுமனையும் திரைக்குப் பின்னால் நிறுத்துகிற ஊர். அந்த ஊர்த் தோல்பாவைக் கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கூத்துக்கு ஆள் குறைந்த பிறகு அதே தோலில் விளக்குக் கூடுகளும் செய்கிறார்கள். குறை சொல்ல எனக்கு மனமில்லை. விளக்கு பின்னால் இருக்கிறவரை தோலுக்கு வேலை இருக்கிறது.

பாவையைத் திரையோடு அழுத்திப் பிடித்தால் விளிம்பு கூர்மையாக விழும். சற்றுப் பின்னுக்கு இழுத்தால் உருவம் கரையும். டிரேசிங் பேப்பருக்கும் இதேதான் கணக்கு. எழுத்தோடு படிந்து கிடந்தால் அடியில் உள்ளது வாசிக்க வரும். கொஞ்சம் எழும்பி நின்றால் வெறும் நிழல். தாளின் பருமனைவிட இந்த இடைவெளிதான் முக்கியம். கடை அட்டைகளில் நாலு மூலையிலும் குத்தி இறுக்கிவிடுவதால் அது வீணாகிறது.

பாட்டியின் கடிதப் பக்கத்தில் தாளை இடது ஓரத்தில் மட்டும் நூலால் தைத்திருக்கிறேன். படிக்க நினைப்பவர் விரல் வைத்து அழுத்திக்கொள்ளட்டும். தையல் நெருக்கமாக விழுந்தால் ஓட்டை வரிசையிலேயே தாள் கிழிந்துவிடும். அகல அகலமாகத்தான் போட வேண்டும்.