கணவனும் மனைவியும் உலாப் போவது வீண்செலவா?

ஊரில் ஓர் இளம் தம்பதியர் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு நாட்கள் எங்கோ போய்வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "வேலை வெட்டி இல்லாதவர்கள்" என்கிறோம். "கையில் காசு கூடிவிட்டது" என்கிறோம். அதே தம்பதியர் மடுப் பெருநாளுக்கு உறவினர் பத்துப்பேரோடு வான் பிடித்துப் போயிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டோம். திருத்தலத்துக்குப் போவது கடமை. கலியாண வீட்டுக்குப் போவது கடமை. செத்த வீட்டுக்குப் போவது அதைவிடப் பெரிய கடமை. கணவனும் மனைவியும் தங்கள் இருவருக்காக மட்டும் ஒரு பகற்பொழுதைச் செலவிடுவது மாத்திரம் எமது கணக்கில் கடமையுமன்று, புண்ணியமுமன்று. அது ஓர் ஆடம்பரம். சிலருடைய எண்ணத்தில் அது தன்னலம்.

இந்த எண்ணம் சரியானதா? வாசகர்களே, இதை அற்பமான கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எதற்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி இதன் அடியில் கிடக்கிறது. சோறும் துணியும் குறைவில்லாமல் கொடுத்து, பிள்ளைகளைப் படிப்பித்து, நோயில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடுமா?

வெறும் நியாயம் பேசிக்கொண்டிராமல் ஒரு தம்பதியரின் வாழ்க்கையை வைத்தே இதைப் பார்ப்போம். சோம்பேறிகள் என்று எவரும் குறைசொல்ல முடியாத ஒரு தம்பதியரையே எடுத்துக்கொள்வோம்.

1895ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி, பாரிஸ் மாநகருக்கு அருகேயுள்ள சிற்றூர் ஒன்றில் பியர் கியூரி என்ற விஞ்ஞான ஆசிரியருக்கும், போலந்து நாட்டிலிருந்து படிக்க வந்திருந்த மரியா என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 36, பெண்ணுக்கு 27. சமயச் சடங்கு இல்லாத பதிவுத் திருமணம் அது. இருவரும் சமய நம்பிக்கையிலிருந்து விலகி நின்றவர்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மணப்பெண் வெள்ளை உடுப்பு வேண்டாம் என்றாள். பிறகு ஆய்வுகூடத்துக்கும் உடுத்திப் போகக்கூடிய கருநீல உடுப்பு ஒன்று போதும் என்றாள். குடிபுகுந்த வீட்டில் மூன்று சிறிய அறைகள். பியரின் பெற்றோர் கொடுக்க முன்வந்த தளபாடங்களைக்கூட, தூசு துடைக்க நேரமில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஒரு மேசையும் இரண்டு கதிரைகளுமே அங்கே இருந்தன. மூன்றாவது ஆள் வந்தால் உட்கார இடமில்லை!

இப்படிச் சிக்கனம் பிடித்தவர்கள், உறவினர் ஒருவர் திருமணப் பரிசாகக் கொடுத்த பணத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு புதிய சைக்கிள்களை வாங்கினார்கள். அந்த நாளில் சைக்கிள் விலைகூடிய பொருள். இரண்டு சில்லும் ஒரே அளவாக, சங்கிலியால் பின்சில்லை ஓட்டும் 'றோவர்' சைக்கிளை இங்கிலாந்தில் ஸ்ரார்லி என்பவர் செய்து பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன; டன்லொப் காற்றடைத்த ரயரைக் கண்டுபிடித்தது 1888இல். அதற்கு முன்னிருந்த உயரச் சில்லுச் சைக்கிளில் பாவாடை உடுத்த பெண் ஏறியிருக்க முடியாது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வண்டியில் பக்கம் பக்கமாகத் தெருவில் போவதென்பதே உலகத்துக்குப் புதிய காட்சி.

பிரிட்டனிக் கரையோரத்தில் தொடங்கியது அவர்களுடைய பயணம். மீன்பிடிக் கிராமங்கள், பைன் மரக் காடுகள், மத்தியானத்துக்குப் பாணும் சீஸும் பழமும், இரவுக்கு வழியில் அகப்பட்ட சிறு சத்திரம். எங்கே போகிறோம் என்ற திட்டமும் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இருவராகச் சுற்றிய பின்னர், ஓகஸ்ட் மாதத்தில், மரியாவின் தந்தையும் சகோதரிகளும் வந்து தங்கியிருந்த பண்ணை வீட்டுக்குப் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். தங்களுக்கென்று ஒதுக்கிய நாட்கள் சுற்றத்தாரிடமிருந்து அவர்களைப் பிரித்துவிடவில்லை.

"பிள்ளை குட்டி இல்லாத காலத்தில் எவரும் சுற்றலாம்" என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயமான பேச்சு. ஆனால் முதற்குழந்தை ஐரீன் 1897இல் பிறந்த பின்னரும் சைக்கிள்கள் மூலையில் சாத்தப்படவில்லை. 1898 ஜூலையில் பொலோனியம் என்ற புதிய மூலகத்தையும் டிசம்பரில் ரேடியத்தையும் அவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். அவ்விரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே, கண்டுபிடிப்பின் சூடு தணியாத கோடைகாலத்தில், குழந்தையையும் சைக்கிள்களையும் கொண்டு மலைநாட்டுக் கிராமம் ஒன்றுக்கு விடுமுறை கழிக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து, மழை ஒழுகும் ஒரு கொட்டிலில் தொன் கணக்கான தாதுப்பொருளைக் காய்ச்சி வடித்து, 1902இல் 0.1 கிராம் ரேடியம் உப்பைப் பிரித்தெடுத்தார்கள். உழைப்புக்குப் பஞ்சமில்லாத வீடு அது.

அவர்கள் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஐரீனைச் சுமந்து எட்டு மாதமாயிருந்தபோது பிரெஸ்ற் துறைமுகத்தை நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டதை எந்த மருத்துவிச்சியும் ஒப்பமாட்டாள். பாதியிலே பயணத்தை நிறுத்திப் பாரிசுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மகிழ்ச்சிக்கும் விவேகம் வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொண்டதில் பியரின் தந்தையாருக்குப் பெரும்பங்கு இருந்ததையும் மறந்துவிடக்கூடாது. பாட்டனாரின் அன்பில்லாமல் அந்த ஆய்வுகூடமும் இல்லை, அந்தப் பயணங்களும் இல்லை.

இனி நியாயத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குயினாஸ், விளையாட்டிலும் வேடிக்கையிலும் ஒரு நற்பண்பு இருக்க முடியுமா என்று ஆராய்கையில் பழைய கதையொன்றை எடுத்துச் சொல்கிறார். புனித அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறற்பட்டார்களாம். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு எய்யும்படி அருளப்பர் அவனைக் கேட்டார், எய்தான். மறுபடியும், மறுபடியும் எய்தான். "இப்படியே ஓயாமல் எய்வாயா?" என்று கேட்டார். "எய்தால் வில் முறிந்துவிடும்" என்றான். மனிதனின் மனமும் அப்படியே என்றார் அருளப்பர். அக்குயினாஸ் அத்தோடு நிற்கவில்லை. தானும் மகிழாமல், மற்றவர்களுடைய மகிழ்ச்சிக்கும் தடையாக இருப்பவனிடம் குற்றம் உண்டு என்றும் எழுதுகிறார். வீட்டுத் திண்ணையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதையே ஒழுக்கம் என்று எண்ணும் பெரியவர்கள் இதைச் சற்றே சிந்திப்பது நல்லது.

எனினும் வில்லின் உவமை எமது கேள்விக்கு முழு விடையாகாது என்பது என் எண்ணம். வில்லைத் தளர்த்துவது மீண்டும் எய்வதற்காக. அப்படியானால் ஓய்வு என்பது வேலைக்கு ஏவல்காரன்; களைப்பு ஆறினால் போதும், தனியே படுத்துறங்கினாலும் சரி. கணவனும் மனைவியும் சேர்ந்து புறப்பட வேண்டிய தேவை அதில் எங்கே வந்தது?

அந்தத் தேவை வேறோரிடத்திலிருந்து வருகிறது. எமது வீடுகளில் கணவனும் மனைவியும் ஒருநாளில் பேசிக்கொள்ளும் வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். அரிசி முடிந்துவிட்டது. பிள்ளைக்கு ரியூசன் காசு கட்டவேண்டும். மின்சாரக் கட்டணம் வந்திருக்கிறது. அக்காவின் மகளுடைய கலியாணத்துக்கு என்ன செய்வது? இவையெல்லாம் வேண்டிய பேச்சுக்களே. ஆனால் இவற்றிலே அவன் தகப்பன், அவள் தாய். அவன் உழைப்பாளி, அவள் வீட்டுக்காரி. ஒருவரையொருவர் விரும்பித் தெரிந்துகொண்ட இரண்டு ஆட்கள் அங்கே காணப்படுவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் இப்படியே போனால், பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போன மறுநாள் இரண்டு அந்நியர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். சண்டையில்லை, குறையில்லை, பேச்சும் இல்லை. இத்தகைய வீடுகள் எம்மத்தியில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

வெளியே புறப்பட்டுப் போகும்போது அந்தப் பாத்திரங்கள் சற்றே கழன்று விழுகின்றன. வழி தெரியாமல் இருவரும் சேர்ந்து தடுமாறுகிறார்கள். சைக்கிள் காற்றுப் போனால் ஒருவர் ரியூப்பைக் கழற்ற, மற்றவர் தண்ணீர் தேடிப் போகிறார். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவது யாருக்கு என்று தெரிந்து மற்றவர் வேகத்தைக் குறைக்கிறார். இதுதான் அந்தப் பயணத்தின் பயன். களைப்பு ஆறுவது அதற்குப் பிற்பாடு. கியூரி தம்பதியர் இருவர் மிதிக்கும் ஒற்றை வண்டியை வாங்காமல் இரண்டு வண்டிகளை வாங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆளுக்கு ஆள் தன் பாரத்தைத் தானே மிதித்துக்கொண்டு, பக்கத்தில் வருவதென்று முடிவு செய்து வருகிறார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரருக்கும் வசதியுள்ளவருக்கும்" என்ற பேச்சு அடுத்து வரும். பிரான்சிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 1936 ஜூன் 20ஆம் திகதிச் சட்டம் வரும்வரை அங்கே பெரும்பாலான தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை கிடையாது. லெயோன் ப்ளூம் தலைமையிலான அரசாங்கம் அந்தச் சட்டத்தால் ஆண்டுக்கு இரண்டு வாரங்களைக் கொடுத்தது. புகையிரதக் கட்டணத்தில் நூற்றுக்கு 40 வீதம் கழிவும் கொடுத்தது. அந்தக் கோடையில் தொழிலாளத் தம்பதியர் இருவர் மிதிக்கும் சைக்கிள்களில் கடலைப் பார்க்கப் புறப்பட்டார்கள். பலருக்கு அதுவே முதன்முறை. 1940இல் நாடு போரில் தோற்றபின், தொழிலாளரைச் சோம்பேறிகளாக்கி நாட்டைப் பலவீனப்படுத்தினார் என்று ப்ளூம்மீது குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தார்கள். 1942இல் அந்த நீதிமன்றத்தில் அவர் அந்தச் சைக்கிள்களைப் பற்றியே பேசினார். ஒரே மாதிரிக் கம்பளிச் சட்டை அணிந்த தம்பதியர் தெரு நிறையப் போனதைக் கண்டபோது, இருண்ட வாழ்க்கைகளில் சிறிது வெளிச்சத்தைக் கொண்டுவந்தோம் என்று உணர்ந்ததாகச் சொன்னார். சாராயக் கடையிலிருந்து மனிதரை மீட்டதையும், குடும்ப வாழ்வுக்கு இடம் உண்டாக்கியதையும் எடுத்துக்காட்டினார். நாட்டைத் தோற்கடித்தது தொழிலாளியின் சைக்கிளல்ல என்பதை இன்று எல்லோரும் அறிவார்கள்.

எமக்கும் சைக்கிள் புதிதன்று. 1990களில் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் முன் பாரில் பிள்ளையும் பின் கரியரில் மனைவியுமாக மைல் கணக்கில் மிதித்தவர்கள் இன்னும் எம்மத்தியில் இருக்கிறார்கள். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோதும் அது திரும்பி வந்தது. இடம்பெயர்வுக்கும் வேலைக்கும் வைத்தியசாலைக்கும் மிதித்தோம். மாலையில் கடற்கரைக் காற்றுக்காக இருவராக மிதிப்பதற்கு மட்டும் எமக்கு வெட்கம்.

எல்லாக் காலத்திலும் இது சரியென்பதுமில்லை. படுக்கையில் கிடக்கும் தாயைத் தனியே விட்டுவிட்டுப் போவதும், கடன்காரனுக்குத் தவணை சொல்லிவிட்டு நுவரெலியாவில் அறை எடுப்பதும் தவறு. அயலாருக்குக் காட்டுவதற்காகப் போவது இன்னொரு விதமான பொய். போன இடத்தில் இருவரும் தனித்தனியே கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழகான படங்களை மட்டும் ஊருக்கு அனுப்புவதில் என்ன இருக்கிறது? அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். கணவன் வளைகுடா நாட்டில் உழைக்க, நான்கு ஆண்டுகள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் மனைவியரும் எமது பங்குகளில் உண்டு. அவர்களிடம் இந்தக் கட்டுரையை நீட்டுவதற்கு எனக்கே கூச்சமாயிருக்கிறது. ஆனால் அவன் லீவில் வரும் முப்பது நாட்களையும் உறவினர் விருந்துகளுக்கும் காணி அலுவலுக்கும் பங்குபோட்டுவிடும் நாம், அவர்கள் இருவருக்கென்று ஒருநாளையாவது விட்டுக்கொடுக்கிறோமா?

பெரும்பாலோர் சொல்லும் பதில், "பிறகு பார்க்கலாம்" என்பதே. பிள்ளைகள் ஒரு நிலைக்கு வந்தபின்; வீடு கட்டி முடிந்தபின்; பென்சன் எடுத்தபின்.

கியூரி தம்பதியரின் கதையில் 1906ஆம் ஆண்டு ஒன்று உண்டு. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 15ஆம் திகதி வந்தது. நோபல் பரிசு கிடைத்து மூன்றாவது ஆண்டு; ஓயாத வேலை; பியருக்கு உடல்நலமும் சரியில்லை. இருந்தும் அந்த விடுமுறையைப் பாரிசுக்கு வெளியே ஒரு நாட்டுப்புற வீட்டில் இரண்டு பிள்ளைகளோடும் கழித்தார்கள். சிறிது தூரம் சைக்கிளில் போனார்கள், குளக்கரையில் பூப்பறித்தார்கள். பியர் திங்கட்கிழமை நகருக்குத் திரும்பினார். வியாழக்கிழமை, 19ஆம் திகதி, மழை பெய்துகொண்டிருந்த தெருவைக் கடக்கையில் குதிரைவண்டியொன்றின் கீழ் விழுந்து இறந்தார். அவருக்கு அப்போது வயது 46. அந்தப் பூக்கள் இன்னும் வாடவில்லை என்று மேரி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். 1923இல் கணவரைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூலில் ரேடியத்தின் கதையோடு அந்தச் சைக்கிள் பயணங்களும் இடம்பெற்றுள்ளன.