வெனிஸ் நகரின் பயணிவரியும் பேணற்கடனும்

பழம்பெரும் நகரொன்றைப் பேணும் செலவை யார் ஏற்றல் வேண்டும்? கண்டு களிப்போரும் ஏற்கட்டும் என்பது வெனிஸ் மாநகரசபையின் விடை. 2011 முதல் விடுதிகளில் தங்குவோரிடம் அது வரி பெற்று வருகின்றது. 2024 ஏப்ரல் 25 முதல், குறித்த சில நாள்களில், பகலில் வந்து மீளும் உல்லாசப் பயணிகளிடமும் 5 யூரோ அறவிடத் தொடங்கியது. கற்படிகளைத் தேய்ப்பவர் அவற்றைச் செப்பனிடப் பொருள் கொடுப்பது முறைதானே!

ஆயின், கூட்டத்தைக் குறைக்கவும் பொருள் திரட்டவும் ஒரே வரியை நாடும்போது, முன்னது கைகூடுமளவுக்குப் பின்னது நலியும். இஃது ஏட்டுத் தருக்கம் மட்டுமன்று. 2019 நவம்பர் 12 இரவு 187 சென்ரிமீற்றர் உயர்ந்த கடல்வெள்ளம் புனித மாற்கு பேராலயத்துள்ளும் புகுந்தது. திருத்தவேலை மிகுந்திருந்த 2020 இலோ, பெருந்தொற்றினாற் பயணிகள் வரவு குன்றியது. விடுதிவரியும் உடன் குன்றிற்று. கற்களுள் ஊறிய உப்பு அரிப்பதை நிறுத்தவில்லை.

1951 இல் ஏறத்தாழ 175,000 மக்கள் வாழ்ந்த தீவுநகரில் 2022 இல் 50,000 பேருக்கும் குறைவானோரே எஞ்சினர். அவர்களுக்கு இவ்வரியிலிருந்து விலக்குண்டு என்பது மெய்யே. எனினும், வருவோரை நம்பிப் பொருள் தேடும் சபை, குடியிருப்புகள் விடுதிகளாவதைத் தடுக்க எத்துணை முனையும்? பயணி கொடுப்பது தேய்வுக்கான ஈடு. பேணுங்கடன் நகரையும் நாட்டையும் சார்ந்தது. 1973 இல் இத்தாலிய அரசு தனிச்சட்டமியற்றி, வெனிஸைக் காப்பதைத் தலையாய தேசிய நலன் என அறிவித்தபோது ஏற்றுக்கொண்டது அக்கடனையே.