கண்ணை மூடாத பிள்ளை

இந்த மாதம் என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட்டுத் தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், பக்கத்து ஊரில் ஒரு கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியில் வெள்ளிக்கிழமை காலை ஜெபத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். அரசு உதவி பெறும் பள்ளி. பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். வேலைக்குப் போகிற வழியில் நின்று, ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு ஜெபம் என்று நடத்திக் கொடுத்துவிட்டுப் போவேன். ஒரு நாள் ஜெபத்தின் நடுவில், மூன்றாம் வகுப்பு வரிசையில் நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பெண்பிள்ளை கண்ணைத் திறந்தபடி நின்றது. மைக்கிலேயே, "ஏ பாப்பா, கண்ணை மூடு!" என்று அதட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை நடுங்கிப்போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டது. நானும் கண்ணைத் திறந்துதானே அதைப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை!

வண்டியை எடுக்கும்போது அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டது: "ஐயா, கண்ணைத் திறந்தா உங்க சாமி அடிக்குமா?"

"அடிக்காது பாப்பா" என்று சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் என் மகன் படித்த வேறொரு பள்ளியில் சரஸ்வதி பூஜை வந்தது. "எல்லாரும் கும்பிடணும்னு டீச்சர் சொல்றாங்கப்பா" என்று அழுதுகொண்டே வந்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. தானியேலின் புஸ்தகத்தையே மனதில் ஏந்திக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனேன். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பிள்ளைக்கு இஷ்டமில்லன்னா சும்மா நிக்கட்டும் சார். தப்பில்ல."

சந்தோஷமாய்த்தான் வெளியே வந்தேன். ஆனால் கேட்டைத் தாண்டுமுன் ஆவியானவர் அந்தத் திருநீறு நெற்றியை என் கண்முன் நிறுத்தினார். என் பிள்ளைக்கு நான் கேட்டு வாங்கினதை, அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்தேனா?

தேவபிள்ளைகளே, கேள்வி இதுதான். நம்முடைய பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி ஆராதிக்க வைக்கிறோமே, அது ஆராதனையா?

தானியேல் 3-ம் அதிகாரத்தைப் பாருங்கள். வாத்தியம் முழங்கினவுடன் எல்லாரும் விழுந்து பணிய வேண்டும் என்று கட்டளையிட்டவன் யார்? நேபுகாத்நேச்சார்! மறுத்தவனுக்கு அக்கினிச்சூளை. தண்டனை காட்டி வாங்குகிற வணக்கம் பாபிலோன் ராஜாவின் முறைமை. நம்முடைய ஆண்டவரோ, பிதாவைத் தொழுகிறவர்கள் ஆவியிலும் உண்மையிலும் தொழவேண்டும் என்று யோவான் 4-ல் சமாரிய ஸ்திரீக்குச் சொன்னார். பயத்தில் மூடின கண்ணில் உண்மை எங்கே இருக்கிறது?

இன்னொரு காரியமும் உண்டு. சிறுபான்மையினர் பள்ளி நடத்தலாம் என்கிற அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவை நாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். 28-வது பிரிவை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், வயது வராத பிள்ளையை அதன் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமில்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக்கூடாது என்று அது சொல்லுகிறது.

1985-ல் கேரளாவில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாய் எழுந்து நின்றார்கள்; மனசாட்சியினிமித்தம் பாடவில்லை, அவ்வளவுதான். அவர்கள் யெகோவா சாட்சிகள். அவர்கள் உபதேசம் நமக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. வாய் திறக்காத பிள்ளையின் மனசாட்சிக்கு இந்தத் தேசத்தின் பெரிய நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது. சபை கொடுக்க வேண்டாமா?

"பாஸ்டர், அப்போ சுவிசேஷமே சொல்லக்கூடாதுங்கிறீங்களா? 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயா காலத்திலிருந்து பள்ளிக்கூடம் நடத்தினது எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இயேசுவின் நாமத்தை மறைக்கச் சொல்லவில்லை. ஜெபம் நடக்கட்டும், பாட்டு தொனிக்கட்டும். ஆனால் வெளிப்படுத்தல் 3:20-ல் ஆண்டவர் கதவருகே நின்று தட்டுகிறார், உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. எஜமான் தட்டுகிற கதவை ஊழியக்காரன் உதைக்கலாமா?

இங்கிலாந்தில் 1944-ம் வருஷத்துக் கல்விச் சட்டம் தினசரிக் கூட்டு ஆராதனையைப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கினது. வேண்டாம் என்கிற பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டமே இடமும் வைத்தது. ஆனாலும் காலப்போக்கில் அங்கே சபைக்குப் போகிறவர்கள் குறைந்துதான் போனார்கள். சட்டத்தால் பிள்ளைகளைக் கூட்டி நிறுத்த முடியும். எழுப்புதலை அனுப்ப அதனால் முடியாது.

சாமுவேலைக் கவனியுங்கள். சீலோவிலே விளக்கும் பலியும் முறையாய் நடந்தன. ஆனால் ஏலியின் குமாரர் காணிக்கையைக் கொள்ளையடித்தார்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டது கர்த்தர். ஏலி செய்த நல்ல காரியம் ஒன்றுதான்: மறுபடியும் குரல் கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்து, படுக்க அனுப்பிவிட்டான். ஆசிரியரின் வேலையும் அவ்வளவே. அழைக்கிறவர் வேறொருவர்.

ஆகையால் பள்ளியின் ஆவிக்குரிய ஜீவியத்தைக் காலை ஒன்பது மணி ஜெபத்தில் மட்டும் தேடாதிருங்கள். ஜெபம் முடிந்த பிறகு பாருங்கள். சத்துணவு நேரத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா? கணக்கு வராத பிள்ளையை டீச்சர் மட்டந்தட்டுகிறார்களா, மடியில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்களா? அந்த டீச்சர் வேலைக்கே லட்சக்கணக்கில் பணம் வாங்கியிருந்தால், ஜெபத்தில் யாருடைய பெயரைச் சொல்லுகிறோம்? பிள்ளைகள் கண்ணை மூடுவது ஐந்து நிமிஷம். மீதி நாள் முழுக்கத் திறந்த கண்ணோடு நம்மைத்தான் வாசிக்கிறார்கள்.

பள்ளி நடத்துகிறவர்களுக்கும் அங்கே வேலை செய்கிற விசுவாசிகளுக்கும் மூன்று காரியம் சொல்லுகிறேன். சேர்க்கையின்போதே, "இங்கே ஜெபம் உண்டு, உங்களுக்குச் சம்மதமா?" என்று பெற்றோரிடம் தெளிவாய்க் கேளுங்கள். சம்மதியாதவர்களின் பிள்ளையை அவமானப்படுத்தாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்து வாசிக்க விடுங்கள். பிள்ளைகள் வருமுன் ஆசிரியர்கள் பத்து நிமிஷம் முழங்கால்படியிடுங்கள்.

என் மகன் விஷயம் முடிந்த மறுவெள்ளி அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியையிடம் பேசிவிட்டு, பிள்ளைகளிடம் சொன்னேன்: "கண்ணை மூடணும்னு கட்டாயமில்லை. திறந்திருந்தாலும் சாமி அடிக்க மாட்டார். அன்றைக்கு அதட்டினது என் தப்பு." அந்தப் பாப்பா நாலாம் வகுப்பு வரிசையில் கண்ணைத் திறந்துதான் நின்றது. ஒரு மாதம் கழித்து வண்டிப் பக்கம் வந்து, "ஐயா, எங்க பாட்டிக்குக் கால் வீக்கம். ஜெபம் பண்ணுவீங்களா?" என்றது. அங்கேயே நின்று பண்ணினேன். முடித்துவிட்டுப் பார்த்தால், பிள்ளை கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது உறுத்தவில்லை. வேலைக்குப் போகிற வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனேன்.

கர்த்தர் தாமே நம் பள்ளிகளையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.