முடியாத பின்னல்

முன்னோர் தொடங்கி முடிக்காது விட்ட பணியை முடித்தே தீருவது வழிவந்தோரின் கடனா? எங்கள் இல்லத்துத் தகரப் பெட்டி ஒன்று இவ்வினாவை எழுப்பிற்று.

எம் அன்னையார் மறைந்தபின் அப்பெட்டியைத் திறந்தோம். பாதியில் நின்ற குரோஷாப் பின்னல் ஒன்றும், வெள்ளை நூல் உருண்டைகள் பதினொன்றும் அதனுள் இருந்தன. கும்பகோணத்துப் பூர்விக வீட்டின் கூடத்து வாசலுக்கென அவர் பின்னத் தொடங்கிய திரை அது. நூல், செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் வாங்கியது. திரை பாதி வளர்வதற்குள் வீடு விற்கப்பட்டது. பத்திரத்தில் கையொப்பமிட்டோருள் நாங்களும் உண்டு. அன்று ஊசியைக் கீழே வைத்தவர் மீண்டும் எடுக்கவில்லை, காரணமும் கூறவில்லை.

கல்லூரியில் பயிலும் எம் மகள், "இதைப் பிரித்து, எல்லா நூலையும் சேர்த்து ஒரு சால்வை பின்னட்டுமா?" என்று கேட்டாள். சென்னையிலுள்ள தங்கையோ, "அம்மா கையால் போட்டதைப் பிரிக்க வேண்டாம், அண்ணா" என்று தொலைபேசியிலேயே கண்கலங்கினாள்.

குரோஷாப் பின்னலில் திறந்திருப்பது கடைசிக் கண்ணி ஒன்றே. அதைப் பற்றி இழுத்தால் முதல் முடிச்சுவரை அனைத்தும் பிரிந்துவிடும். நூல் அறுவதில்லை, நனைத்து உலர்த்தினால் அதன் சுருளும் பெரும்பாலும் நேராகும். நூலுக்கு இழப்பில்லை எனின், இழக்கப்படுவது யாது?

இவ்விடத்தில் நம் அண்டை நிலமாகிய கோதாவரிக் கரையின் நரசாப்பூர் நினைவுக்கு வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ சமயப் பணியாளர்கள் கற்பித்த லேஸ் பின்னல் அங்கே பெருந்தொழிலாயிற்று. வணிகர் நூல் தருவர். பெண்கள் வீட்டிலிருந்தே பின்னிக் கொடுத்துக் கூலி பெறுவர். அவர்கள் நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் உழைத்தும், அது பொழுதுபோக்காகவே கருதப்பட்டதை மரியா மீஸ் தம் 1982-ஆம் ஆண்டு ஆய்வில் எடுத்துக்காட்டினார். 2024-இல் அப்பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிட்டியது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். பின்னிய கைகளின் பெயரை அது சொல்லாது.

நூல் வேறு, உழைப்பு வேறு என்பதை நரசாப்பூர் தெளிவாக்குகிறது. அன்னையாரின் நூல் எங்களுக்கு உரிமையாய் வந்தது. அவருடைய மாலைப்பொழுதுகள் அவ்வாறு வரவில்லை. ஆகவே, தங்கையின் கலக்கம் வெறும் உணர்ச்சியன்று.

எனினும், அதனை அப்படியே பூட்டி வைப்பதும் பக்தியாகாது. முடித்தால் மாட்டுவதற்கு அந்த வாசல் இல்லை. பெட்டியை மூடி வைத்திருந்ததும், எண்ணிப் பார்த்தால், கையொப்பமிட்ட நாளை நினையாதிருக்க நாங்கள் கண்ட வழியே.

இறுதியில், உருண்டைகள் பதினொன்றையும் மகளிடம் கொடுத்தோம். பின்னியது பிரிக்கப்படவில்லை. இழையை அறுத்துக் கடைசிக் கண்ணியை அவளே முடிச்சிட்டாள். இன்று அது எங்கள் ஐதராபாத் குடியிருப்பின் பூசையறை வாசலில், பாதி உயரத்தோடு தொங்குகிறது.

முன்னோர் பணியை முடிப்பது எல்லா வேளைகளிலும் நம்மால் இயலாது. அது ஏன் நின்றது என்பதை மறைக்காதிருத்தல் இயலும். அதுவே முதற்கடன் எனக் கருதுகிறோம். வருவோர், "திரை ஏன் பாதியில் நிற்கிறது?" என வினவுகின்றனர். வீட்டை விற்றோம் என்று சொல்கிறோம்.