அப்பாவின் பட்டை

அப்பா ஓட்டிய அம்பாசிடருக்கு மறுபடி உயிர் கொடுக்க, சென்னை புதுப்பேட்டையைச் சல்லடை போட்டுச் சலித்தார் நண்பர். 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. பின்பக்க லீஃப் ஸ்பிரிங் ஒரிஜினலாகவே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கிடைத்தது.

கடைக்காரர் துருவைச் சுரண்டிக் காட்டினார். மெயின் பட்டையில் மயிரிழை விரிசல்.

"ஒரிஜினல்தான் சார். ஆனா பாரம் ஏத்தினா ஒருநாள் விட்டுடும். அதே அளவு, அதே வளைவுல புதுசா அடிச்சுத் தர்றேன். ஒரிஜினல்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க!"

"அப்பா ஞாபகம் போயிடுமே" என்று புலம்புகிறார் நண்பர்.

நீங்களே சொல்லுங்கள்... அந்த அப்பா ஸ்பிரிங்கைத் துடைத்துத் துடைத்துப் பராமரித்தது இரும்பின் மீதுள்ள பாசத்தாலா, பின்சீட்டில் தூங்கிய பிள்ளைக்காகவா?

பட்டையை மாற்றலாம், மாற்றியதை மறைக்கத்தான் கூடாது. அப்பா விட்டுப்போன ஒரிஜினல், அந்த அக்கறைதானே!