நீதிபதியின் சிலை எதற்குச் சாட்சி?

2017 ஆகஸ்ட் 18 அதிகாலை இருட்டில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத் தலைநகர் அன்னாபொலிஸில், சட்டமன்றக் கட்டடத்தின் முன் 145 ஆண்டுகள் வீற்றிருந்த வெண்கலச் சிலை கிரேனில் தூக்கப்பட்டது. சிலைக்குரியவர் ரோஜர் டானி, 1836 முதல் 1864இல் இறக்கும்வரை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர் நடத்திய வன்முறை முடிந்து ஆறு நாள்கூட ஆகவில்லை. அவசரப்பட்டார்கள் என்றார்கள் சிலர். அகற்றியது சரியே. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பல்லாண்டு முன்பே அகற்றியிருக்க வேண்டும்.

கவிஞனுக்குக் கவிதை எப்படியோ, நீதிபதிக்குத் தீர்ப்பு அப்படி. அடிமைமுறை இல்லாத மண்ணில் எசமானருடன் வாழ்ந்த டிரெட் ஸ்காட், அதைக் காட்டித் தன் விடுதலையைக் கேட்டார். 1857 மார்ச் 6 அன்று, கறுப்பினத்தவர் அடிமையாயினும் சுதந்திரராயினும் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது, ஆகவே மத்திய நீதிமன்றத்தில் வழக்காடவே உரிமையில்லை என்று டானி எழுதினார். வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்து, துலாக்கோலைச் சான்றோருக்கு உவமையாக்கினார். இங்கே ஒரு மனிதன் தட்டில் ஏறவே அனுமதிக்கப்படவில்லை. கன்றை இழந்த பசு அடித்த மணிக்கும் செவிசாய்த்த மனுநீதிச் சோழனைப் பெரியபுராணம் போற்றுகிறது. டானியின் தீர்ப்போ மணியையே அவிழ்த்து எடுத்துக்கொண்டது. சிலப்பதிகாரப் பாண்டியன் தன் தீர்ப்புப் பிழை என்றறிந்த கணத்தில் உயிர்விட்டான். டானி ஏழாண்டு அதே ஆசனத்தில் இருந்தும் பின்வாங்கவில்லை. அத்தீர்ப்பை அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் 1868இல் அழித்தது. சிலையோ 1872இல் வைக்கப்பட்டது. நாடே தவறென்று ஒதுக்கிய பிறகு அவருக்குப் பீடம் கட்டியதை அறியாமை என்று மன்னிக்க இயலாது.

காலம் அப்படி என்பார்கள். அதே அமர்வில் மக்லீன், கர்டிஸ் என்ற இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள். அரசியலமைப்பு ஏற்கப்பட்ட நாளிலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இருந்ததைக் கர்டிஸ் எடுத்துக்காட்டினார். அந்தக் காலத்திலும் நீதி கண்ணில் படாமலில்லை. டானி தம் அடிமைகளை விடுவித்தவர், 1861இல் லிங்கனின் விசாரணையற்ற காவலை எதிர்த்தவர் என்பதும் உண்மைதான். அவற்றை வரலாற்று நூல்கள் சொல்லட்டும். வரலாறு அழிகிறதே என்ற அச்சம் வீண்: சிலை போனாலும் அந்தத் தீர்ப்பைப் படிக்காத சட்ட மாணவர் அமெரிக்காவில் இருக்கமாட்டார். மனத்தைத் தொடும் எதிர்வாதம் ஒன்றே. 2017 மார்ச்சில் அச்சிலையருகே நின்று டானியின் குடும்ப வழிவந்தவர் மன்னிப்புக் கேட்க, ஸ்காட்டின் வழித்தோன்றல் அதை ஏற்றுக்கொண்டார். சிலையை எடுக்க வேண்டாம், ஸ்காட்டுக்கும் பக்கத்தில் ஒன்று வைப்போம் என்ற யோசனையும் அங்கிருந்து வந்தது. அந்தப் பெருந்தன்மை வணங்கத்தக்கது. ஆனாலும் மன்னிப்பது அவர்கள் உரிமை. பொது வாசலில் யாரைப் போற்றுவது என்பது அரசின் கடமை. தீங்கிழைத்தவரையும் தீங்குற்றவரையும் ஒரே உயரப் பீடத்தில் நிறுத்துவது சமன் ஆகாது.

அதே கட்டடத்தின் மறுபுறம் 1996 முதல் வெண்கலமாய் நிற்பவர் தர்குட் மார்ஷல், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. நாடாளுமன்றக் கட்டடத்தில் டானியின் மார்பளவுச் சிலையை எடுத்துவிட்டு மார்ஷலுடையதை வைக்க 2022இல் சட்டமே இயற்றினார்கள். 1857 தீர்ப்பு நிலைத்திருந்தால், பால்டிமோரில் பிறந்த அந்த மார்ஷல் மத்திய நீதிமன்றத்தில் குடிமகனாக ஒரு வழக்குக்கூடத் தொடுத்திருக்க முடியாது.